அவரைக்குக் காவல் இருக்கும் பூஞ்சாணம்

திருவண்ணாமலையைச் சுற்றிய ஊர்களில் மானாவாரிக் கொல்லை என்றால் மல்லாட்டைதான், அதாவது நிலக்கடலை. அதற்குள் ஊடுபயிராக மொச்சை, காராமணி, துவரை வரும். கிணறு உள்ளவர்கள் வீட்டை ஒட்டிக் கால் ஏக்கரில் பந்தல் போட்டு அவரை ஏற்றுவார்கள். இந்த நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் கொத்துக் கொத்தாகக் காய் கைக்கு வருவது தீபத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகுதான். பொங்கல் குழம்புக்கு மொச்சை விலை ஏறுவதும் அந்த நாட்களில்தான். அந்த நேரத்தில் பயிர் நின்றால் காசு. நிற்காமல் போவதற்கு இந்தப் பக்கத்தில் முதல் காரணம் வேரழுகல்.

பூஞ்சாணத்தைக் கொண்டே பூஞ்சாண நோயைத் தடுக்கும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உயிருள்ள நல்ல பூஞ்சாணத்தை மண்ணில் குடியேற்றுவது. மற்றொன்று, பூஞ்சாணத்திலிருந்து எடுத்த சாற்றை இலையில் தெளிப்பது. முதலாவது நம் மாவட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது, செலவும் குறைவு, அதனால் அதற்கே அதிக இடம் தருகிறேன். சாற்றைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

நோயை வேரில் பாருங்கள்

விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் கொல்லையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி மஞ்சளித்துத் தலை தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கட்டுவார்கள், செடி தெளியாது. அப்படி ஒரு செடியைப் பிடுங்குங்கள். லேசாக இழுத்தாலே வந்துவிட்டால் ஆணிவேர் போய்விட்டது. தரையை ஒட்டிய தண்டுப் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பட்டை நார் நாராக உரிந்து, அடியில் கரித்தூள் தூவியதுபோல் மிக நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிந்தால், அது மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா என்னும் பூஞ்சாணம். அந்தப் புள்ளிகள் அதன் உறங்கும் முடிச்சுகள். பயிர்க் கழிவிலும் மண்ணிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த விதையின் வேர் பக்கத்தில் வந்ததும் முளைக்கும்.

தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதில் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் ஆள் வேறு: ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி. இது கழுத்தழுகல். மல்லாட்டை போடுகிறவர்களுக்கு இந்தக் கடுகு உருண்டைகளைப் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. மேக்ரோஃபோமினாவுக்கு வெக்கையும் வறட்சியும் பிடிக்கும். மண் சூடு 30 டிகிரியைத் தாண்டி, பயிர் தண்ணீருக்கு ஏங்கும்போதுதான் அது பாயும். ஸ்கிளிரோஷியத்துக்கு மேல்மண்ணில் ஈரமும், தூரைச் சுற்றி அரைகுறையாக மக்கிய சருகும் வேண்டும். முதலாவதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் இடைவெளி விடாமல் இருப்பதே பாதி வைத்தியம். இரண்டாவதற்குச் சருகை ஒதுக்கித் தூரைக் காற்றாட விட வேண்டும்.

இன்னொன்று, பயிர்ச் சுழற்சி. மல்லாட்டையை எடுத்த கொல்லையில் உடனே அவரையோ காராமணியோ போட்டால், இரண்டு நோய்களுக்கும் பந்தி தொடர்கிறது. மாற்றுப் பயிர் என்று சோளத்தைப் போடுவதும் மேக்ரோஃபோமினாவைக் குறைக்காது, சோளத்தின் தண்டுக் கரியழுகலுக்கும் அதே பூஞ்சாணம்தான் காரணம். கழனியில் நெல் நட்டுச் சில வாரம் தண்ணீர் தேங்கி நின்றால் அந்த முடிச்சுகள் பெருமளவு செத்துப்போகும். நெல்லுக்குப் பிறகு வரும் உளுந்திலும் காராமணியிலும் வேரழுகலின் வேகம் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிடி எப்படி வேலை செய்கிறது

டிரைக்கோடெர்மா விரிடி. விவசாயிகள் பேச்சில் வெறும் ‘விரிடி’. சில பொட்டலங்களில் இப்போது டிரைக்கோடெர்மா ஆஸ்பெரெல்லம் என்று அச்சிட்டிருக்கும்; நெருங்கிய உறவுதான், பயன்படுத்தும் முறையும் ஒன்றே. இந்தப் பூஞ்சாணம் நம் மண்ணிலேயே இயல்பாக இருப்பது. தொழுவுரம் நிறையப் போட்ட நிலத்தில் அதிகமாகவும், பல வருடம் உரமும் களைக்கொல்லியும் மட்டும் கண்ட நிலத்தில் மிகக் குறைவாகவும் இருக்கும்.

இது மற்றப் பூஞ்சாணங்களை வேட்டையாடுவதை 1932-ல் வெய்ண்ட்லிங் என்பவர் கலிபோர்னியாவில் கண்டு எழுதினார். நாற்றுகளைச் சாய்க்கும் ரைசோக்டோனியாவின் இழை மேல் இது சுருண்டு ஏறி அதைத் தின்பதைப் பார்த்தார். சுருண்ட இடத்தில் கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்னும் நொதிகளைக் கக்கி எதிரியின் செல் சுவரைக் கரைக்கிறது. கூடவே எதிரிக்கு ஆகாத சில வேதிப்பொருள்களையும் சுரக்கிறது. இத்தனையும் செய்யாவிட்டாலும், வேரைச் சுற்றிய இடத்தையும் சாப்பாட்டையும் முதலில் பிடித்துக்கொண்டு பின்னால் வருபவனுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். என் கணிப்பில் நம் கொல்லைகளில் இதுதான் அதன் முதல் உபகாரம். அதனால்தான் விரிடி நோய்க்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். செடி தலை தொங்கிய பிறகு பொட்டலத்தைப் பிரிப்பதில் பயன் மிகக் குறைவு.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1990-களின் முதற்பாதியில் ஆர். ஜெயராஜன் குழுவினர் இதைக் கரும்பாலைக் கழிவுப்பாகிலும் ஈஸ்ட்டிலும் வளர்த்து, டால்க் பொடியில் கலந்து, விவசாயி கையில் கொடுக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று வேளாண் துறையின் விரிவாக்க மையத்தில் வாங்குகிற வெளிர்பச்சைப் பொடி அந்த வழியில் வந்ததுதான்.

விதை நேர்த்தி

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் விரிடி. ஏக்கருக்குச் செடி அவரை விதை 10 கிலோ என்றால் 40 கிராம் போதும். உளுந்துக்கு 8 கிலோ விதை, 32 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். விதையைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சுதான் தேவை. அதிகம் போட்டால் தூசியாக உதிர்ந்து வீணாகும்.

காலையில் நிழலில் சாக்கை விரித்து விதையைக் கொட்டுங்கள். வடித்து நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியைக் கையால் தெளித்து, விதை மினுமினுப்பாகும் அளவுக்கு மட்டும் புரட்டுங்கள். சூடு இருந்தால் பூஞ்சாணம் அங்கேயே செத்தது. அவரை, மொச்சை விதைக்குத் தோல் மெல்லிது. கஞ்சியில் ஊறப் போட்டால் தோல் சுருங்கிப் பருப்பு பிளந்துவிடும், ஆகவே தெளிப்பதோடு நிறுத்துங்கள். பிறகு பொடியைத் தூவி, சாக்கின் இரண்டு முனையையும் இருவர் பிடித்து உருட்டினால் ஒரே சீராக ஒட்டும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரமும் சேர்க்க வேண்டும். முதலில் விரிடி, அது காய்ந்த பிறகு ஏக்கர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று ரைசோபியம். இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்காது. அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

கடை விதையின் மேல் சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் இருந்தால் அது ஏற்கெனவே பூஞ்சாணக் கொல்லி பூசிய விதை. கார்பெண்டாசிம் நோய்ப் பூஞ்சாணத்தைப் போலவே விரிடியையும் கொல்லும். அதன் மேல் விரிடி தூவுவது பணத்தைத் தூவுவது. அந்த விதையை அப்படியே விதைத்துவிட்டு, விரிடியை மண்ணில் கொடுங்கள்.

மண்ணில் கொடுப்பது

நம் செம்மண்ணில் அங்ககப் பொருள் குறைவு. டால்க் பொடியை வெறும் மண்ணில் வீசினால் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை, இரண்டு வெயிலில் முடிந்துவிடும். சிபாரிசு ஏக்கருக்கு 1 கிலோ. மணலில் கலந்து வீசுபவர்களும் உண்டு, அது எனக்கு உடன்பாடில்லை. தொழுவுரத்தில் பெருக்கியே போடுங்கள்.

விதைப்புக்குப் பத்து நாள் முன்னால் மரத்தடியில் நன்கு மக்கிய தொழுவுரம் 100 கிலோவைக் குவியுங்கள். பச்சைச் சாணம் கூடாது. அதன் சூடே பூஞ்சாணத்தை அழித்துவிடும். குவியலுக்குள் கையை விட்டால் குளுமையாக இருக்க வேண்டும். 1 கிலோ விரிடியைப் பரவலாகத் தூவிக் கலந்து, தண்ணீர் தெளித்து, கைப்பிடி உரத்தை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கிற, ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஈரச் சாக்கோ பாலித்தீன் தாளோ போர்த்துங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டிக் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

நான்காம், ஐந்தாம் நாளில் போர்வையை விலக்கினால் உரக்கட்டிகள் மேல் வெள்ளை இழை ஓடியிருக்கும். ஒரு வாரம் கடந்தால் வெள்ளை பச்சையாக மாறும், அதுதான் வித்து. மூக்கருகே கொண்டுபோனால் பல சமயம் தேங்காய் வாசனை லேசாக அடிக்கும். விரிடி சுரக்கும் ஒரு பொருளின் மணம் அது. சாண நாற்றமோ புளித்த நாற்றமோ வந்தால் காற்றோட்டம் போதவில்லை, புரட்டுங்கள். புரட்டும்போது பச்சைத் தூசு கிளம்பும், மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ளவர்கள் அந்த வேலையை வேறு ஆளிடம் விடுவது நல்லது.

இந்த உரத்தைக் கடைசி உழவில் போடலாம், அல்லது விதைத்த 30-ஆம் நாளில் களை எடுத்த கையோடு தூரைச் சுற்றி வைத்து மண் அணைக்கலாம். மாலையில், ஈர மண்ணில் போட வேண்டும். பந்தல் அவரைக்குக் குழிக்கு இரண்டு கை அளவு போதும். ஈரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. மேக்ரோஃபோமினா வறட்சியில் கொழுக்கிறது, காவல் பூஞ்சாணம் ஈரத்தில்தான் வாழ்கிறது. புரட்டாசியில் மழை பொய்த்து இரண்டு வாரம் காய விட்டால், எவ்வளவு விரிடி போட்டாலும் மேக்ரோஃபோமினா ஜெயிக்கும். உயிர்த்தண்ணீர் ஒன்று கொடுக்க முடிந்தால் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியோ தாமிர மருந்தோ மண்ணில் ஊற்றியிருந்தால் இரண்டு வாரமாவது கழித்து விரிடி போடுங்கள். இலைக்குத் தெளிப்பதிலும் தூருக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீவாமிர்தத்தோடு ஒரே பீப்பாயில் ஊற வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். காற்றில்லாத பீப்பாயில் பாக்டீரியாக்கள் பெருகி இதை அமுக்கிவிடும். இரண்டையும் தனித்தனி நாளில் கொடுங்கள்.

பொட்டலம் உயிரோடு இருக்கிறதா?

டால்க் பொடிக்கு ஆயுள் சுமார் நான்கு மாதம். தயாரித்த தேதியைப் பாருங்கள், ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் வித்துகள் என்பதைக் குறிக்கும் எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண்ணைப் பாருங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் கிடந்த பொட்டலத்துக்குத் தேதி சரியாக இருந்தாலும் உயிர் இருக்காது. அதனால் கடையை விட விரிவாக்க மையத்திலோ, கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வாழவச்சனூர் வேளாண் கல்லூரியிலோ விசாரித்து வாங்குவதைத்தான் நான் சொல்வேன். எங்கு வாங்கினாலும் வீட்டில் மண்பானைக்குப் பக்கத்தில், இருட்டில் வையுங்கள்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். குழையாமல் வேகவைத்த சோற்றில் இரண்டு ஸ்பூன் எடுத்து ஆறவைத்து, சுத்தமான கண்ணாடி டம்ளரில் போட்டு, ஒரு சிட்டிகைப் பொடி தூவி, வாயைத் துணியால் கட்டுங்கள். பக்கத்தில் பொடி தூவாத சோறு இன்னொரு டம்ளரில் இருக்கட்டும். ஐந்து நாளுக்குள் பொடி தூவியதில் வெள்ளையும் பிறகு அடர்பச்சையும் படர்ந்தால் பொடி உயிரோடு இருக்கிறது. கறுப்பாகவோ ஆரஞ்சாகவோ பூத்தால் வேறு பூசணம் புகுந்துவிட்டது. இரண்டு டம்ளரிலும் ஒரே நிறம் வந்தால் சோதனை செல்லாது, மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் எருக்குழியில் கொட்டி, டம்ளரைக் கொதிநீரில் கழுவுங்கள்.

வீட்டில் சிப்பிக்காளானோ பால்காளானோ வளர்ப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. காளான் படுக்கையில் பச்சைப் பூசணம் வந்து மொத்தப் பையையும் கெடுக்கிறதே, அது டிரைக்கோடெர்மா இனம்தான். காளானும் பூஞ்சாணம் என்பதால் அதையும் தின்கிறது. விரிடி உரக் குவியலைக் காளான் கொட்டகையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ வையுங்கள். குவியலைப் புரட்டிய உடையோடு கொட்டகைக்குள் போகாதீர்கள்.

இலைக்கு: பூஞ்சாணச் சாறு

விரிடி வேருக்கான காவல். கார்த்திகை மழையில் இலையிலும் காயிலும் குழிவான கரும்புள்ளி போடும் ஆந்த்ரக்னோஸ், இலைக்கு அடியில் செம்பழுப்புப் பொடியாக வரும் துரு, மார்கழியில் பகல் வெயிலும் இரவுப் பனியுமாக இருக்கும்போது மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய் ஆகியவை இலைமேல் வாழ்பவை. விரிடிப் பொடியைக் கரைத்து இலையில் அடித்தால் வெயிலும் வறண்ட காற்றும் அதை நிலைக்க விடாது. இங்கேதான் சாறு என்ற யோசனை வருகிறது.

சாற்றில் உயிர் இல்லை. அது நோயைக் கொல்வதை விடச் செடியை உஷார்ப்படுத்துவது அதிகம். பூஞ்சாணத்தின் செல் சுவர்த் துணுக்குகள் இலையில் பட்டதும், எதிரி வந்துவிட்டான் என்று செடி தன் பாதுகாப்புப் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. இதைத் தெளிவாகக் காட்டிய முதல் பயிர்களில் பீன்ஸும் ஒன்று. 1968-ல் ஆஸ்திரேலியாவில் குரூயிக்ஷாங்கும் பெர்ரினும் பழ அழுகல் பூஞ்சாணம் ஒன்றின் இழையிலிருந்து மோனிலிகோலின் என்னும் புரதத் துணுக்கைப் பிரித்து எடுத்தார்கள். அது பட்ட பீன்ஸ் காயின் உட்சதை ஃபேசியோலின் என்னும் பூஞ்சாண எதிர்ப்புப் பொருளைச் சுரந்தது. பிற்காலத்தில் பிரேசிலில் ஷீடாக்கே காளான், பட்டுப்போன மரத்தில் செம்மஞ்சளாக ஒட்டி வளரும் பிக்னோபோரஸ் ஆகியவற்றின் நீர்ச்சாற்றைப் பீன்ஸில் தெளித்து இலைப்புள்ளி நோய்களுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள்.

பூஞ்சாணச் சாறு ரசாயன மருந்தாகவே மாறிய கதையும் உண்டு. பைன் மரக் காயில் வளரும் ஸ்ட்ரோபிலூரஸ் என்னும் சின்னக் காளானிலிருந்து 1977-ல் ஜெர்மனியில் ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளைப் பிரித்தார்கள். இயற்கைப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்துபோனதால், அதைப் பார்த்து வெயில் தாங்கும் மாற்றைச் செயற்கையாகச் செய்தார்கள். 1996-ல் சந்தைக்கு வந்த அசாக்ஸிஸ்ட்ரோபின் அப்படிப் பிறந்தது. வீட்டில் செய்யும் எந்தச் சாற்றுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: வெயிலில் சீக்கிரம் சிதையும், அதனால் மாலையில் தெளிக்க வேண்டும், வடித்த அன்றே தீர்க்க வேண்டும்.

சாற்றுக்காகக் காட்டுக் காளானைப் பிடுங்கி அரைக்காதீர்கள். எது விஷம் என்று தெரியாத பொருளை வாரம் இருமுறை பறித்து விற்கும் காயில் தெளிக்கக் கூடாது. உண்ணும் காளானின் அறுவடை முடிந்த படுக்கை வைக்கோல் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். பச்சைப் பூசணம் இல்லாத படுக்கையாகப் பார்த்து, ஒரு பங்கு வைக்கோலுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, பூ வைப்பதற்கு முன் ஒருமுறை, பத்து நாள் கழித்து மறுமுறை தெளித்துப் பாருங்கள். இது பல்கலைக்கழகச் சிபாரிசு அல்ல, உங்கள் கொல்லையில் நீங்களே பார்க்க வேண்டிய சோதனை. அதனால் மொத்தப் பயிரையும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள். சாம்பல் நோய் தலைகாட்டினால் சிபாரிசில் உள்ள வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் அல்லது வேப்பெண்ணெய் 3 சதவீதம், பத்து நாள் இடைவெளியில் இருமுறை. அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்.

மஞ்சள் தேமலுக்கு இதில் எதுவும் உதவாது. அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். இலையில் மஞ்சள் திட்டு முதலில் தெரிந்த செடியை அன்றைக்கே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

வேரழுகல் திட்டுத் திட்டாகப் பரவத் தொடங்கிவிட்ட கொல்லைக்குப் பல்கலைக்கழகம் சொல்வது கார்பெண்டாசிம் லிட்டருக்கு 1 கிராம், நோய்த் திட்டிலும் அதைச் சுற்றியும் மட்டும் வேரில் ஊற்றுவது. இயற்கை வழியில் நிற்பவர்கள் நோய்ச் செடியை மண்ணோடு அகற்றி, அந்தக் குழியிலும் சுற்றியுள்ள செடிகளின் தூரிலும் பெருக்கிய விரிடி உரத்தை வைத்து ஈரம் காயாமல் பார்ப்பார்கள். செத்த செடி பிழைக்காது. பக்கத்துச் செடிகளுக்குத்தான் அந்த வேலை. பிடுங்கிய செடியை வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள், எருக்குழிக்கும் கொண்டுபோக வேண்டாம்.

முதல் முறை செய்பவர்கள் கொல்லை முழுவதும் போடாமல், நடுவில் நான்கு வரிசைக்கு விரிடி இல்லாமல் விதைத்து, முனையில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 45-ஆம் நாளில் இரண்டு பக்கமும் நூறு நூறு செடி எண்ணி, வாடியது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் முதலில் பொட்டலத்தின் தேதியையும், அடுத்து தொழுவுரத்தின் சூட்டையும், பிறகு அந்த நாட்களில் மண் காய்ந்து கிடந்ததா என்பதையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.